பேனை ரீபில் அளவில் எட்டுக் குழாய்: கொழும்பு விந்துச் சேமிப்பு நிலையம் ஒன்றைப் பற்றி

நான் திருகோணமலையில் பிரிட்ஜ், ஏ.சி. திருத்துகிறவன். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களும் மீன் வாடிகளும்தான் என் வேலைத்தலம். குளிர் என்றால் எனக்கு ஓரளவு விளங்கும். இங்கே எழுதப்போவதும் ஒரு குளிர்ச் சேமிப்பைப் பற்றித்தான். 2017 ஆகஸ்டில், எனக்கு 28 வயது, விதைப் புற்றுநோய்க்குக் கீமோ தொடங்குவதற்கு முன்னால், கொழும்பில் ஒரு தனியார் கருவள நிலையத்தில் என் விந்தை எட்டுக் குழாய்களில் உறைய வைத்தேன். அவற்றில் இரண்டை எடுத்ததில் பிறந்த மகள் இப்போது விறாந்தையில் ஓடித்திரிகிறாள். மிச்சம் ஆறும் இன்னும் அங்கேதான்.

எட்டு வருஷத்துக்கு மேலாக அந்த இடத்தின் வாடிக்கையாளன் என்ற உரிமையில் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. குறைகளும் சொல்லவேண்டி இருக்கிறது. அதைவிட, நீங்கள் எந்த நிலையத்துக்குப் போனாலும் இதே விஷயங்களைத்தான் பார்க்கவேண்டும். 5க்கு 4 கொடுப்பேன். ஆய்வுகூடத்துக்கு மட்டும் என்றால் முழுப் புள்ளி.

முதலில் நான் எப்படி அங்கே போனேன் என்பதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் போகாமல் விட்டிருப்பேன்.

குளிக்கும்போதுதான் கண்டுபிடித்தேன். வலது பக்க விதை கல் மாதிரி இறுகிப்போய் இருந்தது. வலியில்லை. வலியில்லாதபடியால் மூன்று மாதம் பேசாமல் இருந்துவிட்டேன். ஊரில் யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொல்ல முடியாது. கடைசியில் அத்தானிடம் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு மோட்டார்சைக்கிளை எடுத்தார். ஸ்கேன் செய்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். ரிப்போட்டில், இந்த நோய் இருந்தால் இரத்தத்தில் கூடக்கூடிய மூன்று பொருட்களின் பெயர்: ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். நடுவில் இருந்த எச்.சி.ஜி. ஆண்களின் இரத்தத்தில் இல்லையென்று சொல்லுமளவு குறைவாகத்தான் இருக்குமாம். எனக்கு நானூறைத் தாண்டி இருந்தது. அது கர்ப்பிணிகளின் உடம்பில் ஊறும் ஹோர்மோன், கர்ப்பம் பார்க்கிற பட்டையில் இரண்டு கோடு விழவைப்பதும் அதுதான், சில வகை விதைக் கட்டிகளும் அதையே சுரக்கும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். அந்த ரிப்போட்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

சத்திரசிகிச்சை பெரிய காரியமில்லை. விதைப்பையில் கத்தி வைப்பதில்லை. அடிவயிற்று மடிப்பில் வெட்டி மேலால் இழுத்து எடுப்பார்கள். பிறகு கீமோ. பிளியோமைசின், எட்டோபொசைட், சிஸ்பிளாட்டின் என்று மூன்று மருந்து, 21 நாளுக்கு ஒரு சுற்று, எனக்கு மூன்று சுற்று. 1974இல் அமெரிக்காவின் இந்தியானாவில் லோரன்ஸ் ஐன்ஹோர்ன் என்ற வைத்தியர் சிஸ்பிளாட்டினை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான், பரவிய நிலையிலும் பெரும்பாலும் குணமாகிற புற்றுநோயாக இது மாறியதாம். "உயிருக்குப் பயப்பிடத் தேவையில்லை" என்று அரசாங்க வைத்தியசாலையில் சொன்னார்கள். காசு ஒரு சதமும் கேட்கவில்லை. அதுக்கெல்லாம் நான் கடமைப்பட்டவன்.

ஆனால் பிள்ளையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கீமோவுக்கு நாள் குறித்து, அட்டையில் எழுதி, கையில் தந்துவிட்டார்கள். அடுத்த நாள் காலையில் சேலைன் ஏறவேண்டும். முதல் நாள் பின்னேரம், ஊசித் தட்டோடு வந்த ஒரு மிஸ் என் அட்டையைப் பார்த்தார். வயதைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, கலியாணம் கட்டியாச்சோ?"

"இல்லை மிஸ்."

"அப்ப நாளைக்கு மருந்து ஏறினாப் பிறகு பிள்ளைக்கு என்ன செய்யப் போறீர்?"

எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. அவர் நின்ற இடத்திலேயே ஐந்து நிமிஷத்தில் சொல்லித் தந்தார். கீமோ வேகமாகப் பிரிகிற கலங்களைத்தான் தேடி அடிக்கும். விந்தை உண்டாக்கும் கலங்கள் ஓயாமல் பிரிகிறவை, ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாள் எடுக்கும், ஆகவே அவையும் அடிபடும். பலருக்கு இரண்டு மூன்று வருஷத்தில் திரும்ப வரும், சிலருக்கு வராது. இன்னாருக்கு வரும் என்று முதலே சொல்ல ஏலாது. மருந்து ஏறத் தொடங்கிய பிறகு எடுத்து வைப்பது சரிவராது. "ஒரு கிழமை தவணை கேளும். கேட்டாத் தருவினம். கேக்காட்டி ஒருத்தரும் தாங்களாச் சொல்ல மாட்டினம்."

காலையில் ரவுண்ட்ஸ் வந்தபோது கேட்டேன். வாய் உலர்ந்து போயிருந்தது, சுற்றிவர ஆறு பேர் நின்றார்கள். டொக்டர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஐந்து நாள் தாறன், போயிற்று வாங்கோ" என்றார். அவ்வளவுதான். தருவதற்கு மனம் இருந்தது, ஆனால் கேட்காதவனிடம் எடுத்துச் சொல்லும் வழக்கம் அந்த வார்ட்டில் இல்லை. அந்தப் பின்னேரம் வேறொரு மிஸ் டியூட்டியில் இருந்திருந்தால் எனக்கு மகள் இல்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்: உங்கள் வீட்டில் ஆண்பிள்ளை யாருக்காவது, வயதுக்கு வந்த பிறகு, புற்றுநோய் என்று சொன்னால், முதல் சேலைன் ஏறுவதற்கு முன்னால் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். மகன் வெட்கப்படுவான். நீங்கள் கேளுங்கள்.

அத்தானும் நானும் இரவு ரயிலில் போனோம். தையல் இன்னும் காயவில்லை, ரயில் ஆடுகிற ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கையை வைத்து அமத்திக்கொண்டே போனேன். விடியக் கோட்டையில் இறங்கி, வெள்ளவத்தையில் அத்தானின் சிநேகிதர் வீட்டில் முகம் கழுவி, ஓட்டோ பிடித்து நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கேற் இன்னும் திறக்கவில்லை.

இனி சேவையைப் பற்றி.

வரவேற்பு: கவுண்டரில் சிங்களமும் ஆங்கிலமும்தான். படிவம் பதினொரு பக்கம், தமிழில் ஒரு வரியும் இல்லை. எனக்குப் படிவத்து ஆங்கிலம் வாசித்து விளங்காது. கொம்ப்ரசர் புத்தகத்து ஆங்கிலம் வேறு. நான் பேனையைப் பிடித்தபடி நிற்க, பக்கத்து மேசையில் பில் போட்டுக்கொண்டிருந்த பிள்ளை ஒருத்தி எழும்பி வந்தாள். கிண்ணியாப் பிள்ளை. "நானா, எந்த ஊர்?" என்று கேட்டாள். "திருகோணமலை" என்றதும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டாள். பதினொரு பக்கத்தையும் விரல் வைத்து வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். ஏழாம் பக்கத்தில் அவள் விரல் ஓரிடத்தில் நின்றது. "நானா, இதில என்ன கேக்கிறாங்கண்டா... நீங்க மௌத்தாப் போனா இத என்ன செய்யணும் எண்டு." மூன்று பெட்டி இருந்தது: அழிப்பது, மனைவிக்குக் கொடுப்பது, ஆய்வுக்கு விடுவது. நோய் வந்த நாள்முதல் செத்துப்போவேன் என்று என்னிடம் ஒருவரும் நேரே சொன்னதில்லை. முதல்முதல் அதைத் தமிழில் கேட்டது அந்தக் கவுண்டரில்தான், அதுவும் எனக்கு உதவி செய்யவந்த ஒருத்தியின் வாயால். அவள் கண் கலங்கியிருந்தது. மனைவி இல்லாதவன், அழிப்பது என்ற பெட்டியில் அடையாளம் போட்டேன்.

அந்தப் பிள்ளை செய்தது அவளுடைய வேலை இல்லை. தமிழ் பேசுகிற நோயாளிகள் இவ்வளவு பேர் வருகிற இடத்தில், சாவைப் பற்றிக் கேட்கிற படிவம் ஒன்றை ஆளுக்கு விளங்கும் மொழியில் அச்சடித்து வைக்க முடியாதா? நான் குறைத்த அந்த ஒரு புள்ளியில் பாதி இதற்கு.

மாதிரி எடுக்கும் அறை: சுத்தம். ஆனால் கதவுக்கு வெளியே அரையடி தள்ளி ஆட்கள் வரிசையாக இருக்கிற வாங்கு. அவர்கள் செருமுவது உள்ளே கேட்கிறது. உள்ளே இருப்பவன் இடுப்பில் தையலோடு, நாளைக்கு உயிரோடு இருப்பேனா என்று தெரியாமல் நிற்கிறவனாக இருக்கலாம். அந்த வாங்கை வேறு சுவரோடு போடுவதற்குச் செலவு ஒன்றுமில்லை. 2023இல் போனபோதும் அது அங்கேயேதான் இருந்தது.

ஆய்வுகூடம்: இங்கேதான் எனக்கு மனம் நிறைந்தது. மாதிரியைக் கொடுத்து ஒரு மணித்தியாலத்தில் ஆய்வுகூடப் பொறுப்பாளர் என்னை உள்ளே கூப்பிட்டு, நேரில் சொன்னார். மில்லிலீற்றருக்கு 6 மில்லியன். உலக சுகாதார நிறுவனம் அந்த நாளில் கீழ் எல்லையாக வைத்திருந்தது 15 மில்லியன் (2021இல் அதை 16 ஆக்கினார்கள்). என் முகம் விழுந்ததைப் பார்த்திருப்பார். இந்த நோய் உள்ளவர்களுக்கு மருந்து ஏறுவதற்கு முன்னரே எண்ணிக்கை குறைவாக இருப்பது வழமை, பயப்பட ஒன்றுமில்லை, ஒரு முட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்தும் முறை இருக்கிறது, அந்த முறையில் முதல் குழந்தை பெல்ஜியத்தில் 1992இல் பிறந்துவிட்டது என்றார். "உங்களுக்கு மில்லியன் தேவையில்லை. உயிருள்ளது கொஞ்சம் இருந்தால் போதும்." இரண்டு நாள் விட்டு இன்னொரு தடவை வரச்சொன்னார். இரண்டு தடவையும் சேர்த்து எட்டுக் குழாய். பேனை ரீபிலை விட மெல்லிசு. ஒவ்வொன்றிலும் என் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி.

என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார், சொன்னேன். அதன் பிறகு எனக்கு ஒரு வகுப்பே எடுத்தார். மீனை மெதுவாக உறையவிட்டால் உள்ளே பெரிய பெரிய பனிப் படிகம் வளர்ந்து தசையைக் கிழித்துவிடும், உருகும்போது மீன் நைந்துபோகும். இது எனக்குத் தெரிந்த விஷயம், வாடிக்காரர்களோடு இதைச் சொல்லித்தான் சண்டை பிடிப்பேன். விந்தணுவுக்கும் அதே கதையாம். அதைத் தடுக்கத்தான் கிளிசரோல் கலந்த ஒரு திரவத்தைச் சேர்க்கிறார்கள். 1949இல் இங்கிலாந்தில் இந்தக் குணத்தைக் கண்டுபிடித்தார்கள். 1953இல் அமெரிக்காவின் அயோவாவில் உறைய வைத்த விந்தால் பெண்கள் கருத்தரித்தார்கள். நான் ஏதோ புதுப் பரிசோதனைக்கு ஆளாகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் அம்மாவின் வயதையும் விடப் பழைய வித்தை.

கீமோவைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். தலைமயிர் கொட்டியது, நாக்கில் இரும்பு ருசி, காதுக்குள் இன்றைக்கும் ஒரு மெல்லிய கீச்சுச் சத்தம் இருக்கிறது. அது சிஸ்பிளாட்டின் விட்டுப்போனது. நவம்பரில் முடிந்தது. எச்.சி.ஜி. கீழே இறங்கியது, பிறகு ஏறவே இல்லை. 2018இல் விந்துப் பரிசோதனை செய்தேன்: சைபர். 2021இல் திரும்பச் செய்தேன்: எண்ணிச் சொல்லக்கூடிய அளவில் கொஞ்சம். அந்த எட்டுக் குழாயும்தான் என் சொத்து என்று அன்றைக்கு விளங்கியது.

அந்தச் சொத்து ஒருமுறை போகப்பார்த்தது. 2019இல் நான் சிம் மாற்றினேன். வருடக் கட்டணத்துக்கு நினைவூட்டுகிற எஸ்.எம்.எஸ். பழைய நம்பருக்கே போய்க்கொண்டிருந்திருக்கிறது. பிறகு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வீட்டு விலாசத்துக்கு வந்தது. அம்மா அதை வங்கிக் கடிதம் என்று நினைத்து சாமித்தட்டில் பத்திரமாக வைத்துவிட்டா. தற்செயலாக அக்காவின் மகள் எடுத்து வாசித்தாள்: இத்தனையாம் திகதிக்கு முன் கட்டணம் கட்டாவிட்டால் மாதிரிகள் அழிக்கப்படும். பதினொரு நாள் மிச்சம். உடனே போனில் எடுத்தேன், அன்றைக்கே கட்டினேன், அவர்களும் அபராதம் கேட்கவில்லை. நம்பரை மாற்றிச் சொல்லாதது என் பிழை. ஆனாலும் ஒருவருடைய பிள்ளைப் பாக்கியத்தை அழிப்பதற்கு முன்னால் அவருக்கு விளங்கும் மொழியில், வேறொரு உறவினரின் நம்பருக்கும் சேர்த்து, ஒரு அழைப்பு எடுக்கவேண்டாமா? குறைத்த புள்ளியில் மற்றப் பாதி இதற்குத்தான். நீங்கள் போகும்போது இரண்டாவது நம்பர் ஒன்றைக் கட்டாயம் எழுதிக் கொடுங்கள். கட்டணம் கட்டும் மாதத்தைக் கலண்டரில் எழுதுங்கள். நான் தைப்பொங்கல் நாளிலேயே கட்டிவிடுகிறேன்.

2022ஐ யாரும் மறக்கமாட்டீர்கள். மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலக் கரண்ட் வெட்டு. நிலாவெளியில் ஹோட்டல் ஹோட்டலாக டீப் ஃபிரீசர்கள் உருகி, இறைச்சியைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். நான்தான் போய்ப் பார்த்தேன். அப்படி ஒருநாள் வேலை முடித்து வரும்போது சாம்பல்தீவுப் பாலத்தடியில் மோட்டார்சைக்கிளை நிற்பாட்டிவிட்டேன். என்னுடையது என்ன ஆகியிருக்கும்? எனக்குத் தெரிந்த எந்தக் கொம்ப்ரசரும் கரண்ட் இல்லாமல் பதின்மூன்று மணித்தியாலம் தாங்காது. ஜெனரேற்றருக்கு டீசல் எங்கே? அங்கே நின்றே போன் எடுத்தேன். என்னை ஆய்வுகூடத்துக்குத் தொடுத்துவிட்டார்கள். அதே பொறுப்பாளர். நான் பதறிப்பதறிக் கேட்டு முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அங்கே கொம்ப்ரசரே இல்லை. அது ஒரு பெரிய சுடுதண்ணிப் போத்தல் மாதிரி. இரட்டைச் சுவர், நடுவிலே வெற்றிடம், உள்ளே திரவ நைதரசன். மைனஸ் 196 பாகை. கரண்டோடு அதற்கு ஒரு தொடர்பும் இல்லை. நைதரசன் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், நாங்கள் அளந்து பார்த்து நிரப்புவோம். இந்த மாதத்துக்கு வந்துவிட்டது, அடுத்த மாதத்துக்கும் சொல்லி வைத்திருக்கிறோம்." அந்த வாரத்தின் அளவுக் குறிப்பையும் எனக்கு வாசித்துக் காட்டினார். நாடே எரிபொருள் வரிசையில் நிற்கும்போது, திருகோணமலையில் இருந்து கூப்பிட்ட ஒருவனுக்கு நைதரசன் எத்தனை சென்ரிமீற்றர் நிற்கிறது என்று வாசித்துச் சொன்ன இடம் அது. ஆய்வுகூடத்துக்கு முழுப் புள்ளி என்று சொன்னது இதனால்.

அப்போது எனக்குக் கலியாணமாகி ஒரு வருஷம். பேச்சு வந்தபோதே மனைவியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். கோணேசர் கோயிலுக்கு இரண்டு வீட்டாரும் போயிருந்தோம், பெரியவர்கள் முன்னால் நடக்க, பிரட்ரிக் கோட்டை வாசலுக்குள் மான்கள் நிற்கிற மரத்தடியில் நாங்கள் இருவரும் பிந்திவிட்டோம். "எனக்கு ஒரு விதை எடுத்தாச்சு. இயற்கையாப் பிள்ளை வருமோ தெரியாது. கொழும்பில எட்டுக் குழாய் வச்சிருக்கிறன்" என்றேன். மனப்பாடம் செய்துகொண்டு போனது அவ்வளவுதான். அவ கனநேரம் மானையே பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு, "உங்கட உடம்பு இப்ப சுகமோ?" என்று மட்டும் கேட்டா. மாமிதான் பின்னால் பயந்தா, பிள்ளைக்கும் அந்த நோய் வருமோ என்று. மாமியையும் கூட்டிக்கொண்டு போனோம். குழாயில் இருப்பது மருந்து உடம்பில் ஏற முன் எடுத்தது, கீமோவின் நிழல்கூட அதில் விழவில்லை என்று டொக்டர் மாமிக்கு நேரே சொன்னார். ஆண்பிள்ளை பிறந்தால் அவன் வளர்ந்த பிறகு தன் உடம்பைக் கவனித்துப் பார்க்கப் பழக்குங்கள், இந்த நோய் சில குடும்பங்களில் கொஞ்சம் கூடுதலாக வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். மறைக்காதபடியால்தான் மாமி நம்பினா.

2023 மாசியில் சிகிச்சை. பாரம் முழுவதும் மனைவியின் உடம்பில்தான். பத்து நாள் வயிற்றில் ஊசி, ஒன்றைவிட்டொரு நாள் ஸ்கேன். வெள்ளவத்தையில் அவவின் பெரியம்மா வீட்டில் தங்கினோம். ஊசி மருந்தை வைக்க என் தெர்மோமீற்றரைக் கொண்டுபோய்ப் பெரியம்மாவின் பிரிட்ஜைச் சரியாக 4 பாகையில் நிறுத்தி வைத்தேன். என்னால் செய்யக்கூடியதாக இருந்தது அதுதான்.

முட்டை எடுக்கும் நாள் காலை ஒரு தடங்கல். என் அடையாள அட்டையில் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு எச் இருக்கிறது. 2017 படிவத்தில் அந்த எச் இல்லை. ஆய்வுகூடத்தார் நிற்பாட்டிவிட்டார்கள். அட்டை இலக்கம், பிறந்த திகதி, பழைய கையெழுத்து எல்லாம் ஒப்பிட்டு, இன்னொருவரைக் கூப்பிட்டு இரண்டு பேரும் கையெழுத்து வைத்த பிறகுதான் தொடர்ந்தார்கள். அரை மணித்தியாலம் எனக்கு வேர்த்து ஊற்றியது. ஆனாலும் அந்தக் கண்டிப்பு வேண்டும். பிறகு என்னைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தித் தாங்கியைத் திறந்தார்கள். வெள்ளைப் புகை மேலே எழும்பவில்லை. விளிம்பால் வழிந்து நிலத்தை நோக்கி இறங்கியது. நீண்ட இடுக்கியால் இரண்டு குழாயைத் தூக்கினார்கள். ஐந்தரை வருஷத்துக்கு முந்திய திகதி, என் பெயர், எச் இல்லாமல். அன்றைக்கு என் தலையில் மயிர் இருந்தது, இரவு ரயிலில் அத்தானின் தோளில் சாய்ந்து வந்தேன், அம்மாவுக்கு முழு விஷயமும் தெரியாது. அந்த நாள் அப்படியே அந்தக் குழாய்க்குள் நின்றது.

உருகியபோது பாதிக்கு மேல் செத்துவிட்டன. அது எதிர்பார்த்ததுதான் என்றார்கள். ஒன்பது முட்டை, ஏழு முதிர்ந்தது, ஐந்தில் கரு, ஐந்தாம் நாள்வரை வந்தது இரண்டு. முதலாவதை வைத்தார்கள், நிற்கவில்லை. அந்தச் செய்தியை ஆங்கில எஸ்.எம்.எஸ்ஸில் ஒரு எண்ணாக அனுப்பினார்கள். நாங்கள் அப்போது ஹபரணையில் பஸ் நின்ற இடத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். மனைவி கோப்பையை வைத்துவிட்டுப் போய் பஸ்ஸில் ஏறி இருந்துவிட்டா. திருகோணமலை வரும்வரை கதைக்கவில்லை. இப்படிச் செய்தியை அழைத்துச் சொல்லவேண்டும் என்று எழுத்தில் கொடுத்தேன். இரண்டாம் முறை அழைத்தார்கள்.

இரண்டாவது கருவை உறைநிலையில் வைத்திருந்து ஆனியில் வைத்தார்கள். இரண்டு கிழமையால் இரத்தம் எடுக்கச் சொன்னார்கள். இம்முறை கொழும்புக்குப் போகவில்லை, இங்கே ஊரிலேயே ஒரு லாப்பில் கொடுத்தோம். பின்னேரம் ரிப்போட்டை எடுக்க நான்தான் போனேன். கடித உறையைக் கடை வாசலிலேயே கிழித்தேன். பீட்டா எச்.சி.ஜி. என்று இருந்தது. 286. அந்தப் பெயரைக் கண்டதும் எனக்கு முதலில் வந்தது பயம். வியர்த்துவிட்டது. என் உடம்பில் அந்தப் பெயருக்கு நேரே எண் கூடினால் அதற்கு ஒரு அர்த்தம்தான் உண்டு. பிறகுதான் மேலே பெயரைப் பார்த்தேன், மனைவியின் பெயர். வீதியோரம் அப்படியே குந்தி இருந்துவிட்டேன். லாப் பொடியன் ஓடிவந்து "அண்ணை, தண்ணி வேணுமோ?" என்று கேட்டான்.

மகள் 2024 மாசியில் பிறந்தாள். இரண்டு ரிப்போட்டும் ஒரே பைலில் இருக்கின்றன.

காசைப் பற்றிக் கேட்பீர்கள். உறைய வைத்தது எனக்கு அப்போதைய அரை மாத வருமானம். வருடக் கட்டணம் ஒரு ஏ.சி. சேர்விஸ் செய்தால் வருகிற காசை விடக் கொஞ்சம் கூட. பெரிய செலவு 2023 சிகிச்சைதான். மனைவியின் நாலு காப்பும் அடைவு போனது, இரண்டை மீட்டுவிட்டேன். பில்லில் ஒவ்வொரு ஊசியும் தனித்தனியாக எழுதியிருந்தது, மறைத்த செலவு என்று ஒன்றும் வரவில்லை. விலை வருடத்துக்கு வருடம் ஏறுகிறது, நீங்கள் போகும்போது முழுத்தொகையையும் எழுத்தில் கேளுங்கள்.

பெண்களுக்கு இது இவ்வளவு லேசில்லை. காத்திருக்கிற இடத்தில் மட்டக்களப்பில் இருந்து வந்த ஒரு தங்கச்சி இருந்தா, மார்பகப் புற்றுநோய், கீமோவுக்கு முன்னால் முட்டை எடுத்து உறைய வைக்க வந்தவ. ஆணுக்கு ஒரு மணித்தியாலம்; பெண்ணுக்கு ஊசி போட்டு முட்டை வளர்ந்து எடுக்க இரண்டு கிழமை அளவில் வேண்டும். மாதவிலக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, எந்த நாளிலும் தொடங்கலாம் என்று டொக்டர் சொன்னதாக அவவே சொன்னா. ஆகவே பெண்பிள்ளை என்றால் இன்னும் முந்திக் கேட்கவேண்டும். நோய் உறுதியான அன்றைக்கே கேளுங்கள், கீமோ நாள் குறிக்கும்வரை இருக்கவேண்டாம்.

அந்த மிஸ்ஸைத் தேடிப் போனேன், மகளுக்கு மூன்று மாதமாக இருக்கும்போது. இடம் மாறிப் போய்விட்டா என்றார்கள். எங்கே என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

இந்த வருஷத் தைப்பொங்கலுக்கு வழமைபோலக் கட்டணம் கட்டப் போனை எடுத்தேன். கவுண்டரில் ஒரு புதுக் குரல், தமிழ். "சேர், உங்கட ஆறு குழாய் இருக்கு. தொடரவோ, நிப்பாட்டவோ?" என்று கேட்டா. நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு குசினிப் பக்கம் பார்த்தேன். மனைவி பொங்கல் பானையில் இருந்து சர்க்கரைப் புக்கையைக் கிண்ணத்தில் போட்டு, மகளுக்கு ஊதி ஊதிக் கொடுத்துக்கொண்டிருந்தா. திரும்பியே பார்க்கவில்லை.

"கட்டுங்கோ" என்றா. "என்ர நம்பரையும் எழுதச் சொல்லுங்கோ."